தீப்பொறி இல்லாமல் எரியும் இஞ்சின்



தோட்டத்துச் செம்மண் சடக்கில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போகும் பிக்கப் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒருவர் அதை ஓட்டுபவராகவும் இருக்கலாம். அந்த வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பெட்ரோல் காரையே பழுது பார்த்துப் பழகிய ஒருவரிடம், "இதில் தீப்பொறி பிளக் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் அவர் சற்றுத் திகைப்பார். டீசல் இஞ்சினில் அது கிடையாது. காலையில் குளிர்ந்து கிடக்கும் இஞ்சினை எழுப்புவதற்குச் சூடேற்றும் பிளக் என ஒன்று உண்டு. இஞ்சின் ஓடத் தொடங்கிய பின் அதற்கு வேலை இல்லை. அப்படியானால் உள்ளே எண்ணெய் எப்படிப் பற்றிக்கொள்கிறது?

இதற்கு விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லில்லாத பாட்டிமார் வெற்றிலை பாக்கை இடித்துக்கொள்ளும் சிறு குழலையும் தண்டையும் மலாயில் 'கோபெக்' என்பார்கள். 'கோபெக் அப்பி' என்ற ஒன்றும் மலாய் உலகில் முற்காலத்தில் வழங்கி வந்தது. 'அப்பி' என்றால் நெருப்பு. ஒரு முனை அடைபட்ட குழல், அதனுள் இறுக்கமாகப் போகும் தண்டு, தண்டின் நுனியில் எளிதில் பற்றக்கூடிய பஞ்சு போன்ற பொருள், இவ்வளவுதான் அந்தக் கருவி. தண்டை ஓங்கி ஒரே அடியாக உள்ளே அடித்து, உடனே வெளியே இழுத்தால் நுனியில் நெருப்பு கனிந்திருக்கும். காற்றை விரைவாக நெருக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுகிறதே, அதுவும் இதே காரணத்தால்தான்.

டீசல் இஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறி, காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே சூடேறுகிறது. அந்த நேரம் பார்த்து எண்ணெயை மெல்லிய பூந்தூறலாக உள்ளே பீய்ச்சினால் அது தானாகவே எரிகிறது. அந்த நேரமும், அந்தத் தூறலும், அந்த அளவும் ஆகிய மூன்றில்தான் டீசல் இஞ்சினின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதன் பராமரிப்பும் அவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த இஞ்சினைக் கண்டவர் ருடோல்ஃப் டீசல். அவர் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்; தந்தை தோல் பொருள்கள் செய்து விற்ற கைவினைஞர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, பாரிசில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ருடோல்ஃப் மட்டும் ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பிழைக்கப் போன ஊரில் வேரூன்றிவிட்ட பிறகு அங்கிருந்து பெயர்வது என்ன என்பதை நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் அவர் மியூனிக் நகரில் தொழில்நுட்பக் கல்வி கற்றார். குளிர்பதன இயந்திரங்களில் பெயர் பெற்ற கார்ல் வான் லிண்டே அவருக்கு ஆசிரியர். அக்காலத்தில் உலகத்தை இழுத்தது நீராவி இஞ்சின். அதில் எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகவே போயிற்று. இந்த வீணடிப்பு இளைஞர் டீசலின் மனத்தை விடாமல் உறுத்தியது. இன்னொன்றும் அவரை உறுத்தியது. பெரிய கொதிகலனை வாங்கி நிறுத்தப் பெரிய முதலாளிகளால்தான் முடிந்தது. சிறு பட்டறைக்காரர் போட்டியில் நசுங்கிப் போனார். சிறு கைவினைஞருக்கும் கட்டுப்படியாகும் ஓர் இஞ்சின் வேண்டும் என்று அவர் எண்ணினார். தோல் தொழிலாளியின் மகனுக்கு இப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

1893இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அவுக்ஸ்பர்க் இயந்திர ஆலையில் முதல் சோதனை நடந்தது. எண்ணெய் பற்றிக்கொண்டது, அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. இஞ்சின் ஓடவில்லை. ஆனாலும் காற்றின் சூட்டிலேயே எண்ணெய் எரியும் என்பது மெய்யாயிற்று. அதன்பின் நான்கு ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1897 பிப்ரவரி 17ஆம் நாள் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி அளந்து பார்த்தபோது, சுமார் 20 குதிரை வேகமுள்ள அந்த இஞ்சின், எரித்த எண்ணெயின் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. நீராவியால் அதன் பாதியைக்கூடச் சாதாரணமாக எட்ட முடியாத காலம் அது.

ஆனால் அந்த இஞ்சின் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம்! அதை எந்த லோரியில் ஏற்றுவது? எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்த டீசல் கையாண்ட முறை அதிக அழுத்தமுள்ள காற்றால் ஊதித் தள்ளுவது. அதற்கென்றே தனியாக ஒரு காற்றழுத்தும் இயந்திரம் வேண்டும். அது கனத்தது, விலையும் கூடியது. ஆகவே டீசல் இஞ்சின் ஆலைகளிலும், மின் நிலையங்களிலும், கப்பல்களிலும் இடம் பிடித்தது. 1912இல் 'செலாண்டியா' என்ற டேனிஷ் கப்பல் டீசல் இஞ்சின்களோடு கோப்பன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் பயணம் செய்து பெரும் பெயர் பெற்றது. சிறியவர்களுக்காக நினைத்த இஞ்சின் பெரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

டீசலின் முடிவு துயரமானது. காப்புரிமையால் வந்த செல்வம் கரைந்தது. வழக்குகளும் நோயும் அவரை வாட்டின. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை 'டிரெஸ்டன்' என்ற கப்பலில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மறுநாள் காலை அவர் அறையில் இல்லை. சில நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகினர் கடலில் மிதந்த உடலைக் கண்டனர். அதிலிருந்த பொருள்களை அவர் மகன் அடையாளம் காட்டினார். தம் இஞ்சின் சாலையில் பரவியதை அவர் பார்க்கவில்லை.

சாலைக்கு அதைக் கொண்டு வந்தவர்கள் வேறு சிலர். ப்ராஸ்பர் லோராஞ்ஜ் என்ற பொறியாளர் பென்ஸ் நிறுவனத்தில் 1909இல் ஒரு வழி கண்டார். சிலிண்டரின் தலையில் சிறு முன்னறை ஒன்று. எண்ணெய் அங்கே முதலில் பற்றி, அந்த வேகத்தில் தானே பெரிய அறைக்குள் சீறிப் பாயும். ஊதித் தள்ளும் காற்று இயந்திரம் இதனால் தேவையற்றுப் போயிற்று. 1923, 1924ஆம் ஆண்டுகளில் பென்ஸ், எம்.ஏ.என். ஆகிய நிறுவனங்கள் டீசல் லோரிகளை வெளியிட்டன. ஆயினும் எண்ணெயைத் திட்டமாக அளந்து தரும் பம்பு நல்லதாக அமையவில்லை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் ராபர்ட் போஷ் நிறுவனம் 1922இல் இந்த வேலையைக் கையில் எடுத்து, 1927இல் பம்புகளைத் தொடர்ச்சியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது.

இந்தப் பம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் நலமும் செலவும் இங்கேதான் இருக்கின்றன.

நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எண்ணெய் கேட்கும். அதாவது நிமிடத்துக்கு 1,500 முறை. நான்குக்கும் சேர்த்து 6,000 முறை. ஒவ்வொரு முறையும் போக வேண்டிய எண்ணெய் ஒரு சொட்டுக்கும் குறைவு. அதைப் பீய்ச்சக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒன்றிரண்டு பங்கு. இவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டுமானால் பம்பின் தண்டுக்கும் குழலுக்கும் இடையே வெளியே இருக்கக்கூடாது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். நம் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது! போஷின் பம்பில் தண்டின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். தண்டைச் சற்றே திருப்பினால் போகும் எண்ணெய் கூடும் அல்லது குறையும். இதைப் போன்ற அழகான வேலைப்பாடு இஞ்சின் முழுவதிலும் வேறு இல்லை என்பது என் கருத்து.

பம்பு கிடைத்ததும் இஞ்சின் மளமளவென்று சிறுத்தது. 1930களில் இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனத்தின் மெதுவாகச் சுற்றும் ஐந்து குதிரை வேக இஞ்சின் ஆசிய நாடுகளெங்கும் பரவியது. 1933இல் ஜப்பானின் யான்மார் நிறுவனம் உழவர்கள் வாங்கக்கூடிய சிறு டீசல் இஞ்சினைச் செய்தது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தியில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்போது லயங்களில் விளக்கு எரிந்து, இரவு குறித்த மணிக்கு அது நின்றதும் இருள் சூழ்ந்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஜெனரேட்டரின் உள்ளே இருந்ததும் இதே இஞ்சின்தான். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே தண்டு முறை வைத்துப் பங்கிடும் சிறிய பம்பும் வந்தது. அதன்பின் 1970களின் இறுதியிலும் 1980களிலும் இசுசு, டொயோட்டா, நிசான் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் டீசல் பிக்கப் வண்டிகள் பரவின. சிறு தோட்டக்காரரும், காய்கறி வியாபாரியும், சிறு குத்தகையாளரும் வாங்கினார்கள். டீசல் நினைத்தவர்களிடம் அவருடைய இஞ்சின் வந்து சேர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி, வண்டியைப் பேணும் முறைக்கு வருவோம். தலைமுடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் ஒரு தூசு புகுந்தால் என்னவாகும்? தண்டும் குழலும் கீறிப் போகும். பம்புக்குத் தனியாக மசகெண்ணெய் கிடையாது. சிறிய பிக்கப் வண்டிகளின் பம்பில் ஓடும் டீசலேதான் அதற்கு மசகு. ஆகவே டீசலில் தண்ணீர் கலந்தால் மசகு போய்விடும், துருவும் பிடிக்கும். சிலர் சிக்கனம் என்று மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு. சில வெள்ளி மிச்சமாகும், பம்பு போய்விடும். ஒரு பம்பைப் பிரித்துச் சீர் செய்யும் செலவு ஒரு தொழிலாளர் குடும்பத்தின் மாத வரவு செலவையே கவிழ்த்துவிடும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிர்ச்சியில் நீர் வியர்த்துச் சேரும். எனவே வேலை முடிந்து மாலையில் எண்ணெய் நிரப்பி வைப்பது காலையில் நிரப்புவதைவிட நல்லது. பில்டரின் அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணமும் வடிகால் திருகும் இருக்கும். இஞ்சினை எழுப்புவதற்கு முன் அதைச் சற்றுத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை வடியவிடுங்கள். பீப்பாயிலிருந்து ஊற்றுகிறவர்கள் அதன் அடி எண்ணெயைக் கலக்கி எடுக்கக்கூடாது.

எண்ணெய் தீர்ந்து வண்டி நின்றுவிட்டால், மறுபடி ஊற்றியவுடன் எழும்பாது. குழாய்களில் காற்று புகுந்திருக்கும். காற்று நசுங்குமே தவிர நோசலைத் திறக்காது. பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் நுரை நுரையாக வரும். குமிழி இல்லாத எண்ணெய் வந்ததும் திருகை இறுக்குங்கள். பழைய வகை இஞ்சினில் இதன் பிறகும் எழும்பாவிட்டால் நோசல் குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுவார்கள். ஆனால் ஒன்று: நோசல் பீய்ச்சும் தூறலுக்கு நேரே விரலை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். சிறு ஊசிக் குத்து போலத்தான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

காற்றைப் பற்றி நாம் போதிய கவலை கொள்வதில்லை. இரண்டரை லிட்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஏறக்குறைய 2,500 லிட்டர் காற்றை விழுங்குகிறது. முன்னே போகும் லோரி கிளப்பும் செம்மண் புழுதி அத்தனையும் அதில் இருக்கிறது. தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு எழுதிய கணக்கில் காற்று பில்டரை மாற்றினால் தோட்டத்து வண்டிக்குப் போதாது. வறட்சி நாட்களில் வாரந்தோறும் எடுத்துப் பாருங்கள். மலாயில் 'மின்யாக் ஈத்தாம்' என்று சொல்லும் இஞ்சின் ஆயிலும் அப்படித்தான். டீசல் இஞ்சினில் கரி அதிகம் சேர்வதால் ஆயில் விரைவில் கறுக்கும்; கறுத்ததற்காகப் பயப்பட வேண்டாம், குறித்த தூரத்தில் மாற்றத் தவறவும் வேண்டாம்.

'டியூனிங்' என்ற சொல்லை நாம் கண்டபடி பயன்படுத்துகிறோம். டீசல் இஞ்சினில் அதற்குப் பொருள், தேய்மானத்தால் நகர்ந்துபோனதை உரிய அளவுக்குத் திரும்பக் கொண்டு வருவது. வால்வு இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி சரி செய்வது ஒன்று. நோசல்களைச் சோதனைக் கருவியில் மாட்டி, உரிய அழுத்தத்தில் திறக்கிறதா, புகை போலத் தூறுகிறதா, சொட்டுகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. பம்பு எண்ணெயை அனுப்பும் நேரத்தை அளவுமானி வைத்துச் சரி செய்வது மூன்றாவது. நேரம் முந்தினால் இஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். பிந்தினால் இழுவை குறைந்து வெண்புகை வரும்.

பம்பில் இன்னொரு திருகும் உண்டு. முழுச் சுமையில் எவ்வளவு எண்ணெய் போகலாம் என்பதை வரையறுப்பது அது. ஆலையில் அதற்கு முத்திரை வைத்தே அனுப்புவார்கள். மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று யாராவது சொன்னால், முத்திரையை உடைத்து அந்தத் திருகை அரைச் சுற்று முறுக்கிவிடும் பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள். வண்டி பாய்ந்து போகும், ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. ஆனால் சிலிண்டரில் உள்ள காற்றின் அளவு கூடவில்லையே! எரியாத எண்ணெய் கரியாகிக் கரும்புகையாக வெளியேறுகிறது. எரிந்த பங்கு பிஸ்டனை அளவுக்கு மேல் சுடுகிறது. சில மாதங்களில் பிஸ்டன் தலை உருகிய வண்டிகளும் உண்டு. இழுவை குறைந்ததற்கு அடைத்த காற்று பில்டரோ, அழுக்கேறிய எண்ணெய் பில்டரோ, தேய்ந்த நோசலோ காரணமாக இருந்திருக்கும். பத்து நிமிட வேலையை விட்டுவிட்டு இஞ்சினைக் கெடுத்ததுதான் கண்ட பலன்.

இதில் வண்டியைவிடப் பெரியதொன்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. அதிகாலையில் வீட்டு வாசலில் வண்டியை உறுமவிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போவது நம்மிடையே பழக்கம். பிள்ளைகள் உறங்கும் அறையின் சன்னல் பக்கத்திலேயே புகைக்குழாய் இருக்கும். இஞ்சினை எழுப்பிய சிறிது நேரத்திலேயே மெதுவாக ஓட்டிச் செல்லலாம். ஓட்டத்தில்தான் அது நன்றாகச் சூடேறும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிடவே கூடாது.

புகையின் நிறத்தை வீட்டிலுள்ள யாரும் பார்த்துச் சொல்லலாம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது எண்ணெய் மிகுதி. நீலம் என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். வெண்புகை காலையில் சற்று வந்து மறைந்தால் குற்றமில்லை. சூடான பின்பும் தொடர்ந்தால் நேரம் பிந்துகிறது, அல்லது நீர் உள்ளே கசிகிறது. ரேடியேட்டரில் நீர் குறைகிறதா என்று பாருங்கள்.

புதிய வண்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1995இல் ஜப்பானிய லோரியிலும், 1997இல் ஐரோப்பியக் காரிலும், 2000க்குப் பின் பிக்கப் வண்டிகளிலும் வேறொரு முறை வந்தது. எண்ணெயை ஒரே பொதுக் குழாயில் பேரழுத்தத்தில் நிறுத்தி வைத்து, கணினி நோசல்களைத் திறந்து மூடுகிறது. தொடக்கத்திலேயே அந்த அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 1,300 மடங்குக்கு மேல். பின்னர் 2,000 மடங்கைத் தாண்டியது. ஓடும்போது அந்தக் குழாய்களின் நட்டில் சாவியை வைக்கவே கூடாது. பழைய வண்டியில் கைவந்த பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து. கைத்திறமையுள்ள நம் இளைஞர்கள் முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்ற பிறகே இதில் கை வைக்க வேண்டும். படித்தால் நல்ல பிழைப்பும் இருக்கிறது.

எண்ணெய்ச் செலவும் சிறிதன்று. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஒரே நாளில் ஏறியது. கரும்புகையாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

இன்னொரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் இஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய் பிற்காலத்தில் முக்கியமாகலாம் என்று டீசலும் 1912இல் பேசியிருக்கிறார். அது நம் நாட்டில் நடந்தது. 1980களில் இங்குள்ள செம்பனை ஆராய்ச்சிக் கழகம் செம்பனை எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றான எரிபொருளைச் செய்து வண்டிகளில் ஓட்டிப் பார்த்தது. 2011 முதல் படிப்படியாக 5 விழுக்காடும், 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 7 விழுக்காடும், 2019இல் 10 விழுக்காடும் செம்பனை டீசல் கலக்கப்பட்டது. 2020இல் லங்காவியில் 20 விழுக்காடு தொடங்கியது. நாம் வெட்டிச் சுமந்த குலையின் எண்ணெய் நம் வண்டியின் டாங்கிக்கே திரும்பி வந்திருக்கிறது.

செம்பனை டீசல் வழவழப்பு மிக்கது, பம்புக்கு நல்லது. ஆனால் நீரை உறிஞ்சும் தன்மையும், பழைய டாங்கியின் சுவரில் ஒட்டியிருந்த கசடைக் கரைத்துக் கிளப்பும் தன்மையும் அதற்கு உண்டு. அந்தக் கசடு போய் நிற்கும் இடம் எண்ணெய் பில்டர். ஆகவே பழைய வண்டியில் கலப்பு கூடிய எண்ணெயை முதன்முதலாக ஊற்றும்போது, முதல் சில டாங்கிகள் தீர்வதற்குள் பில்டர் அடைத்துக்கொள்ளக்கூடும். இன்னொரு பில்டரை வாங்கி இருக்கைக்குப் பின்னால் போட்டு வையுங்கள். மாற்றிய பின் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.